அம்பிளிபயர் கணக்கு

தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர் கடைசி.
இரண்டு மணித்தியாலம் கொடுத்திருந்தார்கள்.
மஃறூப் அதில் பத்து நிமிடத்தை
என் கடைவாசலில் செலவழித்தான்.
இறக்கி வைத்தான் வால்வு அம்பிளிபயரை.
"அமானிதம்" என்றான்.
சொல்லின் பொருள் எனக்குத் தெரியாது.
தலையாட்டினேன்.
அன்று வீதி முழுக்கத்
தலையாட்டிக்கொண்டுதான் நின்றோம்.

மூன்று மாதம் சாக்கால் மூடிக் கிடந்தது.
தைப்பூசத்தன்று என் செட் புகைந்தது.
சாக்கை எடுத்தேன்.
பிறகு மூடவேயில்லை.

மைக்காரன் எந்தச் சந்நிதியிலும்
முதுகு காட்டி நிற்பவன்.
அவன் பார்ப்பது முள்ளை:
சிவப்பைத் தொடுகிறதா, இல்லையா.
என்றாலும் காதுக்கு இமை இல்லையே.

கொக்குவிலில் பிரசங்கியார் சொன்னார்:
பதி, பசு, பாசம். மூன்றுக்கும் தொடக்கம் இல்லை.
கயிறு கழன்றால்தான் மாடு வீடு சேரும்.
அவர் 'பாசம்' என்னும்போதெல்லாம்
ஸ்பீக்கர் கீச்சிட்டது.
சத்தத்தைக் குறைத்தேன்.

குருநகரில் பெரிய வெள்ளி.
மண்ணெண்ணெய் குடித்த ஜெனரேற்றர் இரும,
உங்கள் கடனையெல்லாம் ஒருவர்
தன் இரத்தத்தால் தீர்த்துவிட்டார் என்றார் சுவாமியார்.
சனம் அழுதது.
வயரைச் சுற்றிக்கொண்டே யோசித்தேன்:
எல்லாம் என்றால்
வாடகைக் கடனுமா?

ஏனென்றால் கொப்பி ஒன்று இருந்தது.
திருவிழா, திருநாள், செத்தவீடு, சாமத்தியவீடு,
ஒவ்வொரு வரியிலும் பாதி அவனுக்கென்று எழுதினேன்.
எழுதினேன், அவ்வளவுதான்.
காசு அரிசியானது, மகளின் கம்மலானது,
ஒருமுறை சாராயமும் ஆனது.

தொண்ணூற்றைந்தில் ஊரே மழையில் நடந்தது.
நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடிக்கு ஒரு மணி நேரம்.
அம்மாவின் படத்தை வீட்டில் விட்டுவிட்டு
சைக்கிள் கரியரில் அம்பிளிபயரைக் கட்டியிருந்தேன்.
வாக்குக்காகவா, வயிற்றுக்காகவா?
இன்றுவரை
பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு வெசாக்.
விகாரை வாசலில் ஹாமதுரு சிங்களத்தில் பேச
ஆமிப் பெடியன் ஒருவன் எனக்காகத் தமிழாக்கினான்:
"எல்லாம் மாறும். பிடிச்சா நோவும். விட்டா நோவில்லை."
துவக்கை
அவன் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.
நான் வயரை.

இரண்டாயிரத்துப் பத்தில் பஸ்மினா வந்தாள்.
புத்தளம் முகாமில் பிறந்தவள்.
கடைப் பெயரைத் தாளில் எழுதி வைத்திருந்தாள்.
"வாப்பா மௌத்து. நாலு வருசம்.
இரண்டாவது வால்வு சூடாகும், கவனம் எண்டு
சொல்லச் சொன்னவர்."

இருபது வருடமாக ஒரு மனுசன்
என்னிடம் சொல்ல வைத்திருந்தது
அது மட்டும்தானா?

கொப்பியை நீட்டினேன்.
நின்றபடியே வாசித்தாள்.
நல்லூர். நாவாந்துறை. விகாரை.
மானிப்பாயில் ஒரு மரதன் ஓட்டம்.
விரலால் வரி வரியாக, அவசரமில்லாமல்.
"அமானிதத்தைப் பாவிக்கவும் கூடாது,
தெரியுமோ?"
"தெரியாது."
"இப்ப தெரியும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
கேட்க எனக்கும் வாய் வரவில்லை.
கொப்பியை மூடித் தன் பையில் வைத்தாள்.
"பள்ளிக்கு மைக் பூட்ட வேணும்.
மஃரிப்புக்கு முதல் வாங்கோ.
கூலியைக் கழிப்பம்."

கூரை பாதிதான் இருந்தது.
சுவரில் சூட்டுக் காயம், தரையில் எருக்கலை.
செருப்பைக் கழற்றினேன்.
கழற்றத்தான் வேண்டுமா என்று கேட்கவில்லை.
ஏணியில் ஏறி ஹோனைக் கட்டினேன்,
புதிய வால்வைச் செருகினேன்.
ஆலயம், கோயில், விகாரை எங்கும் கேட்ட
அதே இரைச்சல், வண்டு மாதிரி.

எங்கும் சொல்வதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்:
அலோ, மைக் சோதினை, ஒண்டு, ரண்டு, மூண்டு.

"ஒண்டு" என்றேன்.
சோனகத்தெருவின் வெறும் வளவுகளில் பட்டு
அது திரும்பி வந்தது.
அடுத்த எண்ணுக்கு நாக்கு எழவில்லை.

"காணும்," என்றாள் கீழிருந்து.
"இறங்குங்கோ. நேரமாகுது."