எளிலரசி, உறுப்பினர்

கன்னடத்தில் ழ இல்லை.
வார்டு கமிட்டி வருகைப் பதிவேட்டில்
எழிலரசி எளிலரசி ஆகிவிட்டேன்.
எளியவள் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ
முதல் கூட்டத்தில் என்னிடம் காசைக் கொடுத்து
எட்டு டீ என்றார்கள்.
ஒன்பது சொல்லிவிட்டு வந்தேன், எனக்கும் சேர்த்து.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பதினோரு மணி.
எனக்கு அரை நாள் சம்பளம் போகிற மணி.
பொம்மனஹள்ளியில் என் மெஷின்
ஒரு ஒடியாப் பெண்ணின் காலுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.
நான் இங்கே ஈஜிபுராவில்
கிறீச்சிடும் ஃபேனுக்குக் கீழே
சாலைக்கு வந்த பணம் எங்கே போனதென்று கேட்க.

கேட்க என்றால், காதால்.

கன்னடம் எனக்கு பஸ் போர்டு சொல்லிக்கொடுத்தது.
ம என்றால் மடிவாளா. சி என்றால் சில்க் போர்டு.
அதனால் அறிக்கையிலும்
ஒவ்வொரு சொல்லும் ஒரு ஸ்டாப்பாகத்தான் வருகிறது,
நின்று, ஆள் ஏற்றி, மெதுவாக.
மற்றவர்கள் எக்ஸ்பிரஸ்.
டெரன்ஸ் சார் பதினாலாம் பக்கம் தாண்டும்போது
நான் மூன்றாம் பக்கம் ஆறாவது வரியில்
இறங்கிவிட்டேன்.

ஏழாவது கிராஸ், பேருந்து நிழற்குடை, கூரையுடன்.
பணி முடிவுற்றது.
ஒன்பது லட்சத்து எண்பதாயிரம் வழங்கப்பட்டது.

ஏழாவது கிராஸ் என் ஸ்டாப்.
காலை ஏழு இருபதுக்கு அங்கே
நானும் மழையும் ஒன்றாக நிற்கிறோம்.
நாலு இரும்புக் கால் உண்டு. ஒரு பெஞ்சு உண்டு.
கூரை இருக்கவேண்டிய இடத்தில்
ஏரோப்பிளேன் போகிறது.

இன்ஜினியர் நஞ்சுண்டய்யா நல்ல மனிதர்.
"கூரை ரெண்டாம் கட்டம்மா" என்றார் தமிழிலேயே,
"முடிஞ்சது முதல் கட்டம்."
முடிவுக்கும் கட்டங்கள் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.

கைப்பையில் டேப் கிடந்தது.
மஞ்சள், நூற்றைம்பது சென்டிமீட்டர், முனையில் தகரம்.
கழுத்தில் போட்டுக்கொண்டு
ஃபௌசியாவை இன்னொரு முனைக்கு இழுத்துக்கொண்டு
நடைபாதையை அளக்கப் போனேன்.
பில்லில் ஒன்றே முக்கால் மீட்டர்.
தரையில் ஒரு மீட்டர் பத்து.
பேக்கரி முன்னால் அறுபத்தெட்டு,
அது ஒரு மெலிந்த பெண்ணின் இடுப்பு.
டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிற இடத்தில்
அளவே இல்லை.

"யாருக்கம்மா தைக்கிறீங்க?" என்றார் இளநீர்க்காரர்.
ரோட்டுக்கு.
சிரித்தார். நானும்தான்.
சட்டையில் துணி குறைந்தால்
போட்டுப் பார்த்தவன் அன்றைக்கே கத்துவான்.
ரோட்டில் குறைந்தால்
ஓரமாக ஒதுங்கிப் பழகிக்கொள்கிறோம்,
உடம்பைப் பிடித்துத் தைத்துக்கொள்கிறோம்.

மார்ச் கூட்டம். திருப்திச் சான்று.
எட்டுக் கையெழுத்து விழுந்தாயிற்று.
"நீங்க போடலைன்னா" என்றார் டெரன்ஸ் சார்,
பேங்கில் முப்பது வருஷம் இருந்த குரலில்,
"முப்பத்தொண்ணாம் தேதி பணம் திரும்பிப் போயிடும்.
அப்புறம் கூரை நிஜமாவே இல்ல."
அதுவும் உண்மைதான்.
அந்த உண்மை என் டேப்பில் எந்தக் கோட்டிலும் நிற்கவில்லை.

எழுதினேன்: கூரை இல்லை. நடைபாதை 1.10.
கீழே தமிழில் பெயர்,
ழவின் வாலை இழுத்து நீட்டி.
"இது என்ன எழுத்து?" என்றார் கிளார்க்.
உங்க கிட்ட இல்லாதது, என்றேன்.
அதற்கு அவர் கோபப்படவில்லை,
ஃபைலை மூடி நாடா கட்டினார்.
அன்றைக்கு டீ வரவில்லை.

ஜூன். ஏழு இருபது.
நாலு கால், ஒரு பெஞ்சு, நல்ல மழை.
அபார்ட்மெண்ட் வேலைக்குப் போகிற ரத்னம்மா
நனைந்துகொண்டே கேட்டாள்:
"உன்னாலதான் கூரை வரலையாமே?"

ஆமாம் என்றும் சொல்லலாம்,
இல்லை என்றும் சொல்லலாம்.
மூன்றாம் பக்கம் ஆறாவது வரியிலிருந்து தொடங்கவேண்டும்,
அதற்குள் அவள் பஸ் வந்துவிடும்.

குடையை அவள் பக்கம் சாய்த்தேன்.
என் இடது தோள் வெளியே,
இருபது சென்டிமீட்டர் இருக்கும்.