ஐந்து முறை விற்ற கத்தி

ஃபால்மத் துறைமுகத்துக்கு மேலே, மெதடிஸ்ட் சபைக் கூடத்தில்
சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை.
டென்சில் டிரெம்பாத் என்று சொல்லிப் பாருங்கள்,
முகம் சுளிக்காத கடைக்காரர் இல்லை.
முப்பது வருஷப் பேரம்.
என் வீட்டில் திசைகாட்டிகள் பதினொன்று,
ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பதினொரு வடக்கு.
குளியலறையில் நங்கூர விளக்கு.
கப்பல் மணி இரண்டு. அடிப்பதில்லை,
கீழ்வீட்டுக்காரி போலீசுக்குப் போவாள்.

போலியை மூக்கால் பிடிப்பேன்.
அமிலத்தில் ஊறவைத்த பித்தளைக்கு
ஒரு புளிச்ச வாடை.
உப்பு தின்ற பித்தளை வாயே திறக்காது.

லவ்டே ஸ்பார்கோ சந்தைக்குப் புதுசு.
கணவன் போய் ஆறு வாரம்.
விரித்திருந்த துணி அவள் சாப்பாட்டு மேஜையுடையது,
தேநீர்க் கறையோடு.
அதன்மேல் ஒரு மாலுமிப் பெட்டி, முழம்கூட இல்லை.
உள்ளே ஊசி, நூல்கண்டு, கொம்புப் பிடி போட்ட கத்தி.
கத்திக்கு முனை இல்லை.

"உடைஞ்ச கத்தி" என்றேன், உதட்டைப் பிதுக்கி.

எனக்குத் தெரியும்.
கப்பலில் ஏறியதும் முனையை ஒடித்துவிடுவார்கள்,
குடித்துவிட்டு ஒருவனையொருவன் குத்திக்கொள்ளாமலிருக்க.
அந்த ஒடிசல்தான் அதன் பிறப்புச் சான்றிதழ்.
சொல்லவில்லை.
நூற்றிருபது கேட்டாள். அறுபதில் முடித்தேன்,
அடிமாட்டு விலை.
பஸ்ஸுக்கு என்று அதிலும் இரண்டு பவுண்டு குறைத்தேன்.
முதியோர் இலவச பாஸ் என் சட்டைப்பையில் இருந்தது.

ராத்திரி, பெட்டியின் அடித்தாள் பிய்ந்து வந்தது.
கீழே நாலாக மடித்த காகிதம்.
'கிட்டிவேக்' போர்க்கப்பல், 1868, வால்பரைசோவுக்கு மேற்கே.
ஏபல் பாஸ்கோ, பாய்மரத்திலிருந்து விழுந்து இறந்தான்.
உடைமைகள் மரத்தடியில் ஏலம்.
பணம் ஊரில் மனைவிக்கு.

கம்பளி, நாலு ஷில்லிங்.
சவரக்கத்தி, ஒன்றரை.
கத்தி, ஆறு ஷில்லிங், தச்சன்.
கத்தி, ஏழு, சமையல்காரன்.
கத்தி, ஐந்து, பாய் தைப்பவன்.
கத்தி, ஏழு, மறுபடி தச்சன்.

ஒரு ஆளுக்கு எத்தனை கத்தி?
கணக்கெழுதியவன் குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
கெட்டிலில் தண்ணீர் கொதித்துத் தானாகவே அடங்கியது.

ஒரே கத்தி.
வாங்கியவன் காசை வைத்துவிட்டுக்
கத்தியைத் திரும்பவும் குவியலில் எறிந்திருக்கிறான்.
ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.
பிறகு மறுபடி
ஒரு தரம்.
கடைசி வரி: கத்தி, இரண்டு பென்ஸ், எடுபிடிப் பையன்.
அவனிடம் அவ்வளவுதான் இருந்தது போலும்.
அவனோடு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை
கத்தியை லவ்டேயின் மேஜையில் வைத்தேன்.
"திருப்பித் தர்றீங்களா? பணம் செலவாயிடுச்சு."
"இல்லம்மா. வித்துக்குங்க. காசு உங்களுக்கு."
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
என் பேர் அவள் காதுக்கும் எட்டியிருக்கும்.
நானே நாற்பது கொடுத்து வாங்கினேன்.
திரும்ப வைத்தேன்.
"உடம்புக்கு ஏதாவது?" என்றாள்.

பர்ஸில் இன்னொரு நாற்பதைத் துழாவிக்கொண்டிருந்தபோது
ஜாகோ ரோஸ்வார்ன் வந்தான்,
இருபது வருஷமாய் என்னைக் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்ப்பவன்.
நான் இரண்டு முறை தொட்ட பொருள்.
அது போதும் அவனுக்கு.
எண்பதை நீட்டினான்.
கத்தியைக் கோட்டுப் பையில் போட்டான். பட்டனை மாட்டினான்.
எறியவில்லை.

லவ்டே நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினாள்.

"இதுக்குக் கதை ஏதும் உண்டா, டென்சில்?" வாசலில் கேட்டான்.
கதை இருந்தால் விலை பத்து மடங்கு.
"உடைஞ்ச கத்தி" என்றேன்.

இப்போது கத்தி அவனிடம், காகிதம் என்னிடம்.
மாதம் ஒருமுறை கூப்பிட்டு விலை கேட்கிறேன்.
நூறு என்றான், நூற்றைம்பது என்றான்,
போன வாரம் முந்நூறு.
நான் பேரம் பேசுவதில்லை.
அதுதான் அவனுக்குப் பயமாக இருக்கிறது.