விளக்குமாறு

மிசிசிப்பி. பகல் பதினொன்று.
தொட்டிக்குள் மைனஸ் இருநூற்றைம்பத்து மூன்று;
வெளியே ஓடெலின் சட்டை
முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது.

எங்கோ கசிகிறது. மீட்டர் அதைச் சொல்கிறது,
இடத்தைச் சொல்லவில்லை.
ஹைட்ரஜன் பற்றினால்
பகலில் கண்ணுக்குத் தெரியாது. புகையும் இல்லை.

ஆகவே விளக்குமாறு.
பலசரக்குக் கடையில் ஒன்றே கால் டாலர்.
முன்னால் நீட்டிப் பிடித்து
குழாயோரமாய் ஓரடி, நின்று, இன்னும் ஓரடி.
வெற்று வால்வொன்றில்
காற்றே திரவமாகிச் சொட்டுகிறது.

"கூட்டுறியா, பேய் ஓட்டுறியா?"
வயர்லெஸ்ஸில் வெர்லீன்.
அவன் எச்சில் விழுங்குகிறான்.

ஏழாவது வால்வு தாண்டியதும்
நுனியில் ஒரே ஒரு ஈர்க்கு
தானாகச் சிவக்கிறது.

அங்கே ஒன்றுமே இல்லை.
ஒன்றுமே இல்லாததன் வழியாகத் தெரிகிறது
கார் நிறுத்துமிடம்;
அவளுடைய நீல ஃபோர்டு
கொஞ்சமாய் நெளிகிறது.