இனிப்பாக ஒரு வாடை

எஸ்.பி. ரோட்டில் மழை விட்ட மூன்றரை மணி.
இரண்டாம் மாடி, பத்துக்கு எட்டு அறை,
மூன்று மேசை, ஒரு ஜன்னல்.
அதிலும் பாதியை அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன.

பழுத்த பேரிக்காயை
நெயில் பாலிஷில் முக்கியதுபோல் ஒரு வாடை.
யாரும் பழம் கொண்டுவரவில்லை.
நெயில் பாலிஷ் போடுகிறவள் இங்கே நான் ஒருத்திதான்,
நானும் ஈஸ்டருக்குப் பிறகு போடவில்லை.

"அப்ரார், கையை எடு."

அவன் விரலிடுக்கில் பிளாஸ்டிக் நெம்பி,
அதன் முனை பேட்டரிக்கு அடியில்.
பசை விடவில்லையே,
இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா என்று
அவன் கட்டைவிரல் யோசித்துக்கொண்டிருந்தது.
வெள்ளி உறை உப்பியது,
எண்ணெயில் பூரி உப்புகிற மாதிரி.
பூரிக்கு அவசரம் உண்டு.
இதற்கு இல்லை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஹொன்னப்பா
குனிந்து ஊதினார்,
சூடான டீயை ஊதுவதுபோல்.
சிரிக்க நேரமில்லை.
"மூச்சைப் பிடிங்க அண்ணா, வெளியே போங்க."

ஆல்கஹால் பாட்டில் முதலில் நகர்ந்தது.
சால்டரிங் அயர்ன், ஹாட் பிளேட், எல்லாம்
ஒரே சுவிட்சில் செத்தன.
பிறகு, ரசல் மார்க்கெட்டில் வாங்கிய
நீளமான சப்பாத்தி இடுக்கி.
போனின் ஓரத்தை மட்டும் பிடித்தேன்,
தூங்கும் பாம்பை
வால் தெரியாமல் தூக்குவதுபோல்.
புகை வராதவரைதான் இந்த வேலை.
வந்துவிட்டால்
இடுக்கி இல்லை, வீரம் இல்லை,
கதவு மட்டும்.

கதவுக்கு வெளியே, கூரையில்லாத முகப்பில்
இரும்பு வாளி.
மெட்ரோ வேலைக்காரர்களிடம் கேட்டு வாங்கிய மணல்.
அதைப் பார்த்து ஆறு மாதம் சிரித்தார்கள்.
முதலாளி வெள்ளிக்கிழமை தோறும்
ஊதுபத்தி செருகுவார்.
இன்றும் இரண்டு குச்சி மிச்சம்.

போனை மணலுக்குள் விட்டு மேலும் மணல் தள்ளினேன்.
உஸ்ஸ்.
ஒரு குழந்தை பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல்.
அப்புறம் வெள்ளைப் புகை,
மேகம்போல் அழகாக.
அந்த அழகை யாரும் கிட்டப்போய்ப் பார்க்கக் கூடாது.
படியிறங்கினோம்.
கீழே கவர் விற்கும் பையனையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டோம்.
அப்ரார் நூற்றொன்றை அழுத்தி
காதில் வைத்திருந்தான்.

பாதிப் படியில் ஹொன்னப்பா திரும்பினார்.
"ஓடிபி வரும்மா அதுல!
இன்னும் ஆறு ஆர்டர் போட்டாத்தான்
இன்னிக்கு இன்சென்டிவ்!"
சிவப்பு டெலிவரி சட்டையின் காலரை
கொத்தாகப் பிடித்தேன்.
என் உயரம் அவர் தோள் வரைதான்.
எப்படி நின்றார் என்று இன்னும் தெரியவில்லை.

"சிம் என்கிட்ட இருக்கு."

திறக்கும் முன் சிம்மை எடுத்து
ஜாப் சீட்டில் டேப் போட்டு ஒட்டுவது
என் சோம்பேறிப் பழக்கம்,
தொலைத்துவிட்டு வசவு வாங்காதிருக்க.
சீட்டு என் பையில் இருந்தது.
படியிலேயே உட்கார்ந்து
என் போனில் போட்டுக் கொடுத்தேன்.
அழைப்பு வந்தது,
எண் வந்தது,
ஆறாவது மாடி, ஜெயநகர், இரண்டு பிரியாணி.
நன்றி சொல்லாமல் ஓடினார்.
சொல்ல நேரம் இல்லாதவர்.

வண்டி வந்தது. தலைக்கவசக்காரர் ஒருவர்
வாளியில் நிறையத் தண்ணீர் ஊற்றினார்,
"ராத்திரி வரைக்கும் கண் வெச்சுக்கோம்மா,
அணைஞ்ச மாதிரி நடிக்கும்" என்றார்.

ஏழு மணிக்கு இன்னொரு முறை உஸ் என்றது.
நடித்திருந்தது.

குப்பைக்காரர் மணியடித்தபோது
வாளியை நோக்கிப் போன அவர் கையை
அப்ரார்தான் தடுத்தான்.
இதுவரை பேசாமலிருந்தவன்,
"அண்ணே, இது உங்களுக்கில்லை" என்றான்.
அவன் குரல் நடுங்கியது.
மூன்று வேளை கையைக் கழுவியும்
வாடை போகவில்லை என்று காட்டினான்.
எனக்கும் போகவில்லை என்றேன்.
அது பொய்.

ஜாப் சீட்டில்
பழுது: சார்ஜ் நிற்பதில்லை.
நிலை என்ற கட்டத்துக்கு நேரே
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்,
ஜன்னலை முழுசாய்த் திறந்து,
அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும்
நாங்களே கீழே இறக்கிவிட்டு.