தார்ப்பாய்க்கு உள்ளே

ஏப்ரலின் கடைசிச் சனி. பெர்கன் நகரத்து மழை
இரண்டு மணி நேரம் விடுப்பில் போயிருந்தது.
அதற்குள் முடித்தாக வேண்டும் என்று
பதினொரு வீட்டுக்காரர்களும் முற்றத்தில் இறங்கினோம்.
ஆண்டுக்கு ஒருமுறை, கூலி கிடையாது,
வேலை முடிந்தால் வாஃபிள்.

தோர்கெய்ர்தான் முடிச்சை அவிழ்த்தார்.
அக்டோபரில் அவரே போட்ட முடிச்சு:
எட்டுச் சுற்று நைலான் கயிறு,
பொதுப்பணத்தில் ஆயிரத்து நானூறு குரோனர் தார்ப்பாய்.
"ஒரு சொட்டு உள்ளே போகாது."
கூட்டக் குறிப்பேட்டில் நானே எழுதிய வரி.

போகவில்லைதான்.
உள்ளே இருந்த ஈரமும்
ஆறு மாதமாய் வெளியே போகவில்லை.

பாய் விலகியதும் ஒரு வாடை,
நனைந்த நாயும் பழைய உருளைக்கிழங்குச் சாக்கும்
ஒரே அறையில் குளிர்காலம் கழித்தது போல.
ஆப்பிள் மரம் இன்னும் மொட்டுக்கூட விடவில்லை.
மேசை அதற்குள் பூத்துவிட்டது.
பலகை இடுக்கெல்லாம் கறுப்பு,
பெஞ்சின் அடியில் பச்சை,
மெத்தைகளில் வட்டவட்டமாய்ச் சாம்பல்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
இந்த ஊரில்
அதுதான் உரக்கத் திட்டுவது.

அப்போதுதான் பார்த்தோம், அந்த நொண்டி நாற்காலியை.
ஒரு கால் குட்டை என்று தார்ப்பாய்க்கு உள்ளே
இடம் கொடுக்காமல் விட்டது.
பனி, காற்று, கடற்பறவையின் எச்சம்,
எல்லாம் வாங்கிக்கொண்டு
சுவரில் சாய்ந்தபடி நின்றிருந்தது.
நரைத்திருந்தது, அவ்வளவுதான்.
விரலால் தேய்த்துப் பார்த்தேன்,
விரல் சுத்தம்.

மருத்துவமனையில் வேலை பார்த்த ரன்வைக்
முகமூடிகளை எடுத்து நீட்டினாள்.
"காய்ந்ததைத் தட்டாதீர்கள், மூச்சோடு உள்ளே போகும்.
முதலில் நனையுங்கள்."
பாதி வினிகர், பாதித் தண்ணீர், அரைமணி ஊறல்.
பிளீச் போத்தலோடு வந்த எய்வின் பையனை
வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்:
"இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால்
பெஞ்சுக்கு முன்னால் நாம் போய்விடுவோம்."

பிறகு தூரிகைகளின் சத்தம்.
மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தோம்.
குறுக்கே தேய்த்தால் நார் எழும்பும்,
எழும்பிய நாரில் அது மறுபடி குடியேறும்.
வாளித் தண்ணீர் கறுத்தது, மாற்றினோம்,
அதுவும் கறுத்தது.
மெத்தைகளில் மூன்று தேறவில்லை.
போன கோடையில் யாரோ வைத்த
காபிக் கோப்பையின் வளையம் மட்டும்
எதற்கும் அசையாமல் மேசையில் இருந்தது.
அதை விட்டுவிட்டோம்.

தோர்கெய்ர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு
மேசைக்கு அடியில் படுத்திருந்தார்.
ஆணித் தலை ஒவ்வொன்றையும் சுற்றி.
வாஃபிளுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.
பிறகு வந்தார், கத்தரிக்கோலோடு.
புதுத் தார்ப்பாயை விரித்து
இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்தில்
ஜன்னல் வெட்டினார்.
என்னைப் பார்த்து,
"இதைக் குறிப்பில் எழுதாதே" என்றார்.

எழுதினேன்:
தார்ப்பாய் திருத்தப்பட்டது.

பெஞ்சின் கால்களுக்கு அடியில் ஓட்டுத் துண்டுகள் கொடுத்தோம்,
மண்ணின் ஈரம் ஏறாமல்.
எண்ணெய் பூச, மரம் உள்வரை காய வேண்டும்.
அதற்கு இரண்டு வெயில் நாள் தேவை.
அதை யாரிடம் கடன் கேட்பது?

ஒன்றே முக்கால் மணிக்கே மழை வேலைக்குத் திரும்பிவிட்டது.
எல்லோரும் படியேறி ஓடினோம்.
சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால்
தோர்கெய்ர் மட்டும் கீழே,
ஆறிப்போன வாஃபிளைக் கையில் பிடித்தபடி
நொண்டி நாற்காலியில்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
நனைந்துகொண்டிருந்தார்.