பார்க்க மட்டும்

ராணிப்பேட்டை மே மாதத்தில்
எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் குளிரும் ஒரே இடம்
சர்வர் அறை.
அதற்காகவே சிலர் என்னிடம் வேலை இருப்பதாகச் சொல்லி வருவார்கள்.

இன்று வந்தவர் தணிகாசலம் சார்.
"வாரியத்திலிருந்து ஹெப்சிபா என்று ஒரு அம்மா.
பார்க்க மட்டும் வழி செய்து கொடு, முனவ்வர்.
எதிலும் கை வைக்கக் கூடாது."

இது எனக்குப் பாடமாகத் தெரியும்.
கணக்குப் பிரிவு ரூபவதிக்கு ஒருமுறை
அவசரத்தில் முழு உரிமை கொடுத்தேன்.
வேர் இல்லாமல் ஒரு டெலீட்;
ஏப்ரல் மாதமே பிடுங்கிக்கொண்டு போனது.
பேக்கப்பிலிருந்து மீட்க விடிந்துவிட்டது.
மன்னிப்பாக ஆற்காட்டிலிருந்து பிரியாணி வந்தது.

ஆகவே, முதலில் ஒரு பெயர்: ஆய்வாளர்_பார்வை.
கடவுச்சொல் பதினாறு எழுத்து, ஜூன் முப்பதோடு காலாவதி.
எல்லாருக்கும் பொதுவில் திறந்து கிடக்கும் கதவுகளைச் சாத்து;
யாரும் கொடுக்காமலே வந்துசேரும் உரிமைகள்தான் ஆபத்து.
பிறகு ஸ்கீமாவுக்குள் காலெடுத்து வைக்க ஒரு அனுமதி.
வாசல் தாண்ட விடாமல்
அலமாரிச் சாவி கொடுத்து என்ன பயன்?
பிறகு செலக்ட். செலக்ட் மட்டும்.
நாளைக்குப் பிறக்கப்போகும் டேபிளுக்கும்
இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்,
இல்லையென்றால் புதன்கிழமை போன் வரும்:
"ஒன்றும் தெரியவில்லையே தம்பி."

சார் நகரவில்லை. குளிர் பிடித்துவிட்டது போலும்.
"மூல டேபிள் வேண்டாம்.
மாதச் சராசரி வ்யூ இருக்கிறதே, அது போதும்."

சராசரி நல்ல பிள்ளை.
சராசரியில் எந்த இரவும் நாறாது.

நவம்பர் பதினொன்று, இரவு இரண்டு நாற்பது.
மழை. மின்சாரம் போய் மூன்றாம் பம்பு நின்றது.
குரோமியம் ஒன்பது புள்ளி நான்கு.
காலையில் சார் போனில் சொன்னார், நான் தட்டினேன்:
ஒன்று புள்ளி நான்கு.
ஒரே ஒரு இலக்கம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.
"ஒரு வரிசை பாதிக்கப்பட்டது" என்றது திரை.
படித்துவிட்டு மூடினேன்.

டிசம்பரில் வண்டி பஞ்சராகி
ஓடையோரம் தள்ளிக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன்.
ஏழு வீடுகள். ஒரே வரிசை.
வாசல்தோறும் நீலக் குடம், லாரிக்குக் காத்து.
கிணற்று வாய்மேல் யாரோ பழைய கதவைப் படுக்கவைத்துக்
கல் ஏற்றியிருந்தார்கள்.

சார் சாப்பிடப் போன பிறகு
வ்யூவுக்குக் கொடுத்தேன்.
மூல டேபிளுக்கும் கொடுத்தேன்.
கை கொஞ்ச நேரம் விசைப்பலகைமேல் சும்மா இருந்தது.
பிறகு மாற்றப் பதிவேட்டுக்கும்:
பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நேரம், மாற்றியவர்.

மாற்றியவர் பத்தியில் சாரின் பெயர் எங்கும் கிடையாது.
அவர் எப்போதும் பார்ப்பதோடு சரி.
தொட்டதெல்லாம் நான்.

சோதிக்காமல் கொடுக்கக் கூடாது என்பது தொழில்.
ஆய்வாளராக நானே உள்ளே போனேன்.
அந்த இரவைத் திறந்தேன். திறந்தது.
ஒன்றை அழித்து ஒன்பதை வைக்கப் பார்த்தேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.
இன்னொரு தடவை.
மறுக்கப்பட்டது.
சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

நாலு பத்துக்கு அந்த அம்மா வந்தார்,
வேலூரிலிருந்து, ஒரு ஐபி எண்ணாக.
முதல் கேள்வி: மொத்தம் எத்தனை வரிசை?
எண்ணிக்கை மட்டும் கேட்டார்.
அடுத்த கேள்வி வர ஏழு நிமிடம் ஆயிற்று.
அதற்குள் இரண்டு முறை போய் முகம் கழுவி வந்தேன்.
குழாய்த் தண்ணீர்தான்.
எங்களுக்கும் லாரியில் வருவது.