வயதுச் சான்று

இரவுப் பணி. ஸ்டான்லியின் எக்ஸ்ரே அறையில்
மூன்று மணிக்கு மேல் அடிபட்டு வருகிறவர்கள் குறைவு.
அப்போதுதான் அவனைப் படிப்பேன்.
மாயர்களின் அரசன். பெயர் பகல்.
அவர்கள் மொழியில் கேடயம் என்று பொருளாம்.
இருக்கட்டும்.
எனக்கு அது ஆறு மணிக்கு வருவது.

பன்னிரண்டு வயதில் முடி.
தாய் நீட்ட, பையன் முகம் திருப்பிப் பார்க்கிறான்,
கல்லில் அப்படித்தான் செதுக்கியிருக்கிறது.
எதிரி இரண்டு முறை வந்து சூறையாடிப் போன ஊர்.
அதை வைத்துக்கொண்டு அறுபத்தெட்டு வருடம் ஆண்டான்.
அவன் ஊரில் ஓடையே கல்லுக்கடியில் ஒழுங்காக நடந்ததாம்.
எங்கள் காட்டன் கால்வாயைப் பார்க்காமல் போனது
அவன் செய்த புண்ணியம்.

எண்பதில் செத்தான்.
குன்று மாதிரி ஒரு கோயிலின் அடிவயிற்றில் வைத்து
முகத்தின் மேல் பச்சைக்கல்லில் இன்னொரு முகம் பொருத்தி
மூச்சு வந்து போகப் படியோரமாகக் கல்லில் ஒரு குழாய் விட்டார்கள்.
ஆயிரத்து இருநூறு சொச்சம் வருடம் கழித்துத் திறந்தவர்கள்
பல்லைப் பார்த்தார்கள். அதிகம் தேயவில்லை.
நாற்பதுதான் இருக்கும் என்றார்கள்.
கல் எண்பது என்றது, எலும்பு பாதி என்றது.
எந்தச் சாட்சியை நம்புவது என்று
பல வருடம் சண்டை.

போன செவ்வாய் தேசிங்கு வந்தார்.
பெயரோடு ராஜாவைச் சேர்க்க அவர் அப்பா மறந்திருக்கிறார்.
காசிமேட்டில் முப்பது வருடம் ஐஸ் பார் சுமந்தவர்.
முதியோர் பென்ஷனுக்கு வயது வேண்டும்;
ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று.
"எந்த வருஷம் பொறந்தீங்க?"
"பெரிய புயல்ல சர்ச்சு மணி தானா அடிச்சுதே, அந்த வருஷம்."
மணிக்கட்டு, தோள், இடுப்பு, முதுகு.
மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன்.
பிடித்தார்.
விடச் சொல்ல மறந்து நான் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க
அப்படியே நின்றார், கண் பிதுங்க.

டாக்டர் படத்தை விளக்கில் தூக்கிப் பார்த்து
எழுபதுக்குக் குறையாது என்று எழுதினார்.

வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு
சத்தமில்லாமல் சிரித்தார் தேசிங்கு:
"அம்பத்தி மூணு சார்.
புயல்ல பொறந்தது எங்க அண்ணன்."

பகலுக்குக் குறைத்த நாற்பதில்
ஒரு பதினேழு இங்கே வந்து இறங்கியிருக்கிறது,
கடல் வழியாகத்தான் இருக்கும்.

படங்களை வாங்கிப்போக அவர் வரவில்லை.
மேசை அறையில் கிடக்கின்றன.
வலது தோளில், உருகி வழிந்த பக்கம்,
மீன்முள் மாதிரி வெள்ளையாய் ஒன்று வளர்ந்திருக்கிறது.

மணி நாலே முக்கால்.
வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுகிறது.
இன்னும் இரண்டு பேரையாவது
மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்
பகலுக்குள்.